வெற்றிலையில் சுற்றிய திறப்பு

என்னை நடக்கக் கூப்பிட்டவன் என் மருமகன், அக்காவின் மகன். அந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. மனைவி சொல்கிறாள், எழுதி முடித்தால் ஆறிவிடும் என்று. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் பாரிசின் லா சப்பலில் இறங்கி, நல்ல ஆட்டிறைச்சி எங்கே என்று யாரைக் கேட்டாலும் என் கடைப் பக்கம்தான் கையைக் காட்டுவார்கள். உணவகங்களில் கோப்பை கழுவினேன். மொத்தச் சந்தையில் விடியற்காலைக் குளிரில் உரித்த ஆட்டைத் தோளில் சுமந்தேன். சுமந்து சுமந்து, தோளில் விழுந்தவுடனே ஆட்டின் வயதைச் சொல்லும் அளவுக்கு வந்தேன். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள்? பிறகு சொந்தக் கடை போட்டேன். பங்குப் பை என்ற ஒன்றை இந்தத் தெருவில் முதன்முதலில் விற்றவன் நான். மற்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துப் போட்டவர்கள்தான்.

பங்குப் பை என்றால் என்ன என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. நாங்கள் விட்டுவந்த ஊரில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி அடித்துப் பங்கு போடுவார்கள். ஈரலில் எல்லோருக்கும் ஒரு துண்டு, விலாவில் ஒரு துண்டு, குடலில் கொஞ்சம், எலும்பில் கொஞ்சம். எனக்குத் தொடைதான் வேண்டும் என்று ஒருவரும் அடம்பிடிக்க முடியாது. பிரெஞ்சுக்காரன் கடையில் தொடைக்கு ஒரு விலை, கழுத்துக்கு இன்னொரு விலை. நான் அந்தக் கதையே வேண்டாம் என்று, ஒரு ஆட்டின் எல்லாப் பகுதியும் எல்லாப் பையிலும் இருக்கிற மாதிரிப் போட்டேன். சனம் அள்ளிக்கொண்டு போனது.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஒருத்தி கணினி, மற்றவள் மருந்துக்கடை. கடைக்குள் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரெஞ்சில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, படிக்க வைத்தது நான்தான். கடைக்கு வாரிசு மருமகன் என்பது தெருவுக்கே தெரியும். நான்தான் அவனை ஊரிலிருந்து கூப்பிட்டேன், நான்தான் கத்தியைக் கையில் கொடுத்தேன். இப்போது அவனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, காதோரம் நரைத்துவிட்டது. அவன் போடும் பங்கில் இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. கடையைக் காலையில் திறப்பதும் இரவில் பூட்டுவதும் அவன்தான். தனக்கென்று ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவன், ஒரு சனிக்கிழமை இறைச்சி வெட்டும் மரக் குற்றியைச் சுரண்டிக் கழுவிக்கொண்டு நின்றபோது கேட்டான்.

"மாமா, திங்கட்கிழமை உங்களுக்கு ஏதும் அலுவல் இருக்கோ?"

"கடை பூட்டு. எனக்கென்ன அலுவல்? ஏன்?"

"என்னோட ஒரு இடத்துக்கு வாங்கோவன். நடக்கிற இடம். லேசான நடைதான், மேடு பள்ளம் இல்லை."

"நடக்கவோ? எனக்குச் சீனி கூடிப்போச்செண்டு உன்ரை மாமி சொல்லிப்போட்டாளோ?"

"அதில்லை மாமா. உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும். கடைக்குள்ளை வைச்சுக் கதைக்க ஏலாது."

கடைக்குள் வைத்துக் கதைக்க முடியாத விசயம் என்றால் கடையைப் பற்றிய விசயம். வேறென்ன? இதை விளங்கிக்கொள்ளப் படிப்பு தேவையில்லை. கூச்சக்காரப் பிள்ளை. இத்தனை வருடம் கேட்காததைக் காடு கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கப் போகிறான் என்று எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, நெஞ்சு நிறைந்தும் இருந்தது. அவன் கேட்க முன்னமே கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். கேட்ட பிறகு கொடுத்தால் அதில் என்ன பெருமை?

கலண்டரைப் பார்த்தேன். திங்கட்கிழமை ராகு காலம் காலை ஒன்பதோடு முடிகிறது. அதற்குப் பிறகு நல்ல நேரம். என்னுடைய கடைப் பூட்டின் திறப்பை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, கீறல் இல்லாத ஒரு வெற்றிலையில் சுற்றி, நூலால் கட்டினேன். ஒரு சதக் காசும் வைத்தேன், வெறும் திறப்பாகக் கொடுக்கக் கூடாது. மனைவி மட்டன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நின்றாள்.

"அவன் வாயைத் திறந்து கேக்கட்டும், பேந்து குடுங்கோ" என்றாள். "நீங்கள் முந்திக்கொண்டு நீட்டாதையுங்கோ."

"அவன் கேக்கமாட்டான். எனக்குத் தெரியாதோ அவனை?"

அவள் என் பக்கம் திரும்பாமல் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூலைத் தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமையிலை இருந்து கடைக்கு முதலாளி மருமோன். நான் றிட்டையர்."

தேத்தண்ணிக் கடைக்காரன் என்னைவிட இளையவன், வாய்க்காரன். "அண்ணை றிட்டையர் எண்டால் ஐரோப்பாவிலை இருக்கிற ஆடெல்லாம் இண்டைக்குத்தான் நிம்மதியா நித்திரை கொள்ளும்" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை காலைக்கு இரண்டு பெட்டி லட்டு போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கள் காலை மொன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் சந்தித்தோம். நான் ஸ்தேன் வீட்டிலிருந்து வந்தேன், அவன் செவ்ரான் வீட்டிலிருந்து. நான் கோட்டுப் போட்டிருந்தேன். உள் பையில் திறப்பு, கையில் மனைவி கட்டித் தந்த ரோல்ஸ் பெட்டி. அவன் ஒரு பழைய பச்சைச் சட்டையோடு நின்றான். காலில் கணுக்காலுக்கு மேலே வரும் தடித்த சப்பாத்து. அதன் தையலுக்குள் காய்ந்த சேறு ஏறிக் கிடந்தது.

"உந்தச் சப்பாத்து எப்ப வாங்கினனி?"

"கொஞ்சக் காலம் மாமா." அவன் குனிந்து என் காலைப் பார்த்தான். "உங்கடையது கலியாண வீட்டுச் சப்பாத்தெல்லோ?"

"நல்ல காரியத்துக்குப் போகேக்கை நல்லதைத்தான் போடோணும்" என்றேன். அவன் முகம் ஒரு மாதிரிப் போனது. கூச்சம் என்று நினைத்தேன்.

ரயிலில் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ராகு காலம் ஓடிக்கொண்டிருந்ததால் நானும் அவசரப்படவில்லை. ரம்புயே காட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன நிலையத்தில் இறங்கினோம். இறங்கியவர்கள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

முதலில் பைன் மரங்கள், மணல் பாதை. பிறகு மரங்கள் விலகி ஒரு பெரிய வெளி வந்தது. முழங்கால் உயரத்துக்கு ஒரே பற்றை, அதன் மேல் கத்தரிப்பூ நிறத்தில் சின்னச் சின்னப் பூ. கண்ணுக்கு எட்டிய தூரம் அதே நிறம்தான். தேனீக்களின் சத்தம் நிலத்துக்குள் இருந்து வருவது போல இருந்தது. வடிவுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது.

"இவ்வளவு காணியும் சும்மா கிடக்கே. ஆரின்ரை?"

"அரசாங்கத்தின்ரை."

"நாலு பாத்தி வெங்காயம் நட்டாலும் ஒரு ஊருக்குப் போதும்."

"வராது மாமா. மண்ணிலை சத்தில்லை. சத்தில்லாததாலைதான் இந்தப் பூ நிக்குது. சத்து வந்தால் இது செத்துப்போம்."

"சத்தில்லாத மண்ணைக் காவல் காக்கிறாங்களோ? காசு கூடிப்போச்சு உவங்களுக்கு."

"சும்மா விட்டாலும் மரம் முளைச்சுக் காடாகிப்போம். ஒவ்வொரு வருஷமும் முளைக்கிற மரக் கண்டைப் பிடுங்கோணும், இல்லாட்டித் தின்னக் குடுக்கோணும்."

யாருக்குத் தின்னக் கொடுப்பது என்று நான் கேட்கவில்லை. இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. என் எண்ணமெல்லாம் கோட்டுப் பையில் இருந்தது. நேரம் நல்ல நேரமாகிவிட்டது. வழியில் ஒரு மர வாங்கு வந்தது. "இரன் கொஞ்சம்" என்று அவனை இருத்தி, கையை உள் பைக்குள் விட்டேன். விரலில் வெற்றிலை குளிர்ச்சியாகப் பட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு வயதான பிரெஞ்சுப் புருஷனும் மனைவியும் நாயோடு வந்தார்கள். பொன்ஜூர் சொன்னார்கள். எனக்கல்ல, அவனுக்கு. கையைக் குலுக்கினார்கள். இந்தத் திங்களும் வந்துவிட்டாயா, வடக்குப் பக்கக் குளத்தில் தண்ணீர் வற்றிப் போய்விட்டது பார்த்தாயா என்று கதைத்தார்கள். அவன் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னான். கடையில் அவன் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. என்னை யாரென்று கேட்டார்கள். என் மாமா என்றான்.

லா சப்பலில் அவனை எல்லோரும் என்னுடைய மருமகன் என்றுதான் சொல்வார்கள். இங்கே நான் அவனுடைய மாமா. அது எனக்குப் பிடிக்கவில்லை. கையை வெளியே எடுத்துவிட்டேன்.

"நீ இஞ்சை அடிக்கடி வாறனியோ?"

"திங்கட்கிழமையிலை வாறனான்."

"ஒவ்வொரு திங்களுமோ? மனிசியையும் பிள்ளையளையும் விட்டுட்டோ?"

"அவையளும் வந்திருக்கினம்" என்றான்.

அந்த வெளியின் ஓரத்தில் கம்பி வேலிக்குள் ஆடுகள் நின்றன. நீண்ட முடி, பின்னால் வளைந்த கொம்பு. என் கடைக்கு வரும் ஆடு மாதிரி இல்லை. பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பெண், அவனுடையதைப் போலவே பச்சைச் சட்டை, அதே மாதிரிச் சேறு பிடித்த சப்பாத்து. அவளும் அவனும் கன்னத்தோடு கன்னம் வைத்து வணக்கம் சொன்னார்கள். அவன் வேலியைத் தாண்டி உள்ளே போனதும் ஆடுகள் அவனைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று அவன் சட்டையை மென்றது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கத்தி பிடித்த கை அது. ஆட்டுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

நானும் உள்ளே போனேன். ஒரு கிடாய் என் பக்கம் வந்தது. பழக்கதோஷத்தில் அதன் முதுகில் கையை வைத்து, எலும்புக்கு இரண்டு பக்கமும் விரலால் அழுத்திப் பார்த்தேன்.

"நல்ல சாமான். தீபாவளிக்குக் கணக்கா வரும்."

"மாமா, இது வெட்டுற ஆடில்லை."

"வெட்டாத ஆடும் இருக்கோ?"

"இது வேலை செய்யிற ஆடு. முளைக்கிற மரக் கண்டைத் தின்னுறதுதான் இதின்ரை வேலை."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "அப்ப சம்பளம், லீவு எல்லாம் இருக்கோ உதுக்கு? என்ரை கடையிலை நிக்கிறவங்களே உப்பிடி வேலை செய்யிறாங்கள் இல்லை." அவனும் சிரித்தான், ஆனால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. நான் என்ன சொன்னேன் என்று அந்தப் பெண் கேட்டாள். ஆட்டின் முதுகு நல்ல நிலையில் இருக்கிறதாம் என்று அவன் சொன்னான். அவளுக்குச் சந்தோஷம்.

ரோல்ஸ் பெட்டியைத் திறந்து அவளிடம் நீட்டினேன். என்ன இது என்று கேட்டாள். ஆட்டிறைச்சி, என் கடை இறைச்சி, பாரிசில் இதை விட நல்லது கிடையாது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவள் நன்றி சொல்லி, தான் இறைச்சி சாப்பிடுவதில்லை என்றாள். மருமகன் ஒன்றை எடுத்து ஆடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றான். நான் இரண்டு தின்றேன், ஆடுகளைப் பார்த்துக்கொண்டே.

புறப்படும்போது அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மெதுவாக, எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அடுத்த மாதத்திலிருந்து உங்கள் மருமகன் எங்களோடு வேலைக்கு வருவது எங்கள் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம், உங்களுக்கும் பெருமையாக இருக்கும்.

என் பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சுதான். ஆனால் வேலை, அடுத்த மாதம் என்ற சொற்களை வைத்துத்தான் நான் இந்த நாட்டில் சீவித்தேன். அவை எனக்கு விளங்காமல் போகாது.

"வாங்கோ மாமா" என்று அவன் என் முழங்கையைத் தொட்டான். "தண்ணிப் பக்கத்தாலை போவம்."

தண்ணீர்ப் பக்கம் சதுப்பு. அதன் மேல் ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய பலகைப் பாதை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் புல்லும் பாசியும், இடையில் சாயத் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். காலை வைக்கும்போதெல்லாம் பலகையோடு சேர்ந்து பக்கத்துப் புல் நிலமும் ஆடியது. அது நிலமே இல்லை, தண்ணீருக்கு மேல் மிதக்கிற பாசி. அவன் முன்னால் நடந்தான். பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்துக் கதைக்க வழியில்லை. என் வாழ்க்கையில் கேட்ட மிகப் பெரிய கேள்வியை நான் ஒரு முதுகைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"அவள் என்ன சொன்னவள்?"

அவன் இன்னும் நாலு பலகை தாண்டினான். பிறகு திரும்பாமலே சொன்னான்.

"மாமா, நான் கடையை விட்டுப் போறன்."

"ஆர் கூப்பிட்டது? எதிர்ப்பக்கக் கடைக்காரனோ? எனக்குத் தெரியும், அவன் கன நாளா உன்னிலை கண் வைச்சிருக்கிறான்."

"ஒரு கடைக்கும் இல்லை. இஞ்சை."

"இஞ்சை எங்கையடா கடை?"

"கடை இல்லை மாமா. ஆடுகளைப் பாக்கிறது."

நான் நின்றுவிட்டேன். பலகை ஆடியது. "ஆடு மேய்க்கவோ?"

"மேய்க்கிறதும் இருக்கு. வேலி மாத்திறது, கண்டு வெட்டிறது, தண்ணி பாக்கிறது. ரெண்டு வருஷமா லீவு நாளிலை படிச்சனான். சோதினை பாஸ். நிரந்தர வேலைக்குக் கொன்ட்ரா எழுதித் தந்திருக்கினம்."

"படிக்காட்டி ஆடுதான் மேய்ப்பாய் எண்டு வாத்தியார் எனக்குச் சொன்னவர். நான் மேய்க்கேல்லை. நீ படிச்சுப்போட்டு மேய்க்கப் போறியோ? உன்ரை அம்மாவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"அம்மாவுக்குத் தெரியும்."

"மனிசிக்கு?"

"அவதான் படிக்கச் சொன்னவ."

எனக்கு அப்போதுதான் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் ஞாபகம் வந்தது. "உன்ரை மாமிக்கு?"

அவன் கழுத்தைச் சொறிந்தான். "மாமிக்கு அரைகுறையாத் தெரியும்."

ஆகவே எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக்காரிக்குத் தெரியும், நாயோடு வந்த கிழவனுக்குத் தெரியும். கத்தியைக் கையில் கொடுத்தவனுக்குத்தான் தெரியாது. கோபத்தில் அவனைத் தாண்டிப் போய் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு காலை ஓரத்தில் வைத்தேன். கலியாணச் சப்பாத்து வழுக்கியது. முழங்கால் வரைக்கும் சதுப்புக்குள் போய்விட்டேன். நிலம் என்று ஒன்றும் காலில் தட்டுப்படவில்லை. அவன் குனிந்து என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தான். ஆட்டுத் தொடையைக் கொக்கியிலிருந்து இறக்கும் பிடி, நான் பழக்கிய பிடி. ஒரே இழுப்பில் மேலே வந்தேன்.

"விடு கையை" என்றேன். விட்டான்.

பலகையில் உட்கார்ந்து சப்பாத்துக்குள் இருந்த கறுப்புத் தண்ணீரை ஊற்றினேன். அவன் பக்கத்தில் குந்தினான். அப்போதுதான் முகத்தைப் பார்க்க முடிந்தது.

"கடிதம் போட்டிருக்கலாம் மாமா. நேரிலை சொல்லோணும் எண்டு நினைச்சன். இஞ்சை கூட்டிக்கொண்டு வந்து காட்டினால் உங்களுக்கு விளங்கும் எண்டு நினைச்சன்."

"என்னத்தை விளங்க? சேத்தையோ?"

"கடைக்குள்ளை வெளிச்சம் இல்லை மாமா."

"குழல் விளக்கு ஆறு போட்டிருக்கு! நான்தான் போட்டனான்!"

"ஓம் மாமா" என்றான். பெரிய விளக்கம் சொல்லுவான் என்று நான் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நானும் பெரிதாகத் திட்டியிருப்பேன். எங்களுக்கு முன்னால் ஒரு தும்பி புல்லில் வந்து இருந்து, பறந்து, திரும்ப அதே புல்லில் வந்து இருந்தது. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நிலையத்துக்குத் திரும்பும் வழி நெடுக என் சப்பாத்து சளக் சளக் என்றது. ரயில் வரச் சுணங்கும் என்று எழுதியிருந்தது. வாங்கில் உட்கார்ந்தோம். அப்போதுதான் நான் அதை வெளியே எடுத்தேன். கொண்டு வந்ததை அவனுக்குக் காட்டாமல் திரும்பிப் போக என் மனம் விடவில்லை. நான் எவ்வளவு பெரிய மனத்தோடு வந்தேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? நூலை அவிழ்த்து, உள்ளங்கையில் வெற்றிலையை விரித்தேன். திறப்பு பளபளவென்று கிடந்தது.

"இதுக்குத்தான் நான் வந்தனான்."

அவன் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வெற்றிலையின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்தது. பிறகு அவன் அந்த இலையைத் திறப்புக்கு மேல் மடித்து, என் விரல்களையும் மடித்து, கையை மூடிவிட்டான். குழந்தையின் கைக்குள் இனிப்பை வைத்து மூடுவது போல.

"எனக்கு வேண்டாம் மாமா. நீங்கள் ஒருதரம் கேட்டிருந்தால் முந்தியே சொல்லியிருப்பன்."

கொடுப்பதைக் கேட்டுவிட்டா கொடுப்பார்கள்? அரசன் மாதிரிக் கொடுக்க வந்தவனைப் பார்த்து, கேட்டிருக்கலாம் என்கிறான். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

"அப்ப உன்னட்டை இருக்கிறதையும் தா. இப்பவே. இனிக் கடைப் பக்கம் வராதை. மிச்ச நாளுக்கும் வரத் தேவையில்லை."

அவன் கெஞ்சுவான், இந்த மாதம் முடியட்டும் என்று சொல்லுவான் என்றுதான் நினைத்தேன். அவன் திறப்புக் கோர்வையை எடுத்து, வளையத்தை நகத்தால் நெம்பினான். கனகாலம் கிடந்த திறப்பு, இலேசில் கழலவில்லை. நகம் கிழிந்து இரத்தம் வந்தது. விரலை வாயில் வைத்துச் சூப்பிவிட்டுத் திரும்பவும் நெம்பினான். கழன்றதும் என் மடியில் வைத்தான். நானும் எடுத்துப் பையில் போட்டேன். ஒரு திறப்பைக் கொடுக்கப் போனவன் இரண்டோடு திரும்பினேன். ரயிலில் இரண்டும் கோட்டுக்குள் உரசிக்கொண்டு வந்தன. மொன்பர்னாசில் "போட்டு வாறன் மாமா" என்றான். நான் திரும்பிப் பார்க்காமல் மெட்ரோப் படியில் இறங்கினேன்.

வீட்டில் மனைவி என் சப்பாத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சுடுதண்ணீர் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கடையின் இரும்புக் கதவுக்கு முன் குனிந்து என் திறப்பைப் போட்டேன். பாதி திரும்பி இறுகி நின்றது. அதைப் பாவித்து எத்தனையோ காலம். எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் திறப்பு பளபளக்கும், பூட்டுக்குப் பழக்கம் வராது. அவனுடையதைப் போட்டேன். பல்லெல்லாம் தேய்ந்து மழுங்கிய திறப்பு. தொட்டவுடன் திரும்பியது.

கதவை மேலே தள்ளிக்கொண்டிருக்கும்போதே தேத்தண்ணிக் கடைக்காரன் இரண்டு பெட்டி லட்டோடு வந்து நின்றான். பின்னால் நாலைந்து வாடிக்கையாளர்கள்.

"எங்கை அண்ணை புது முதலாளி? மாலை போடுவம் எண்டு பாத்தன்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஆடு மேய்க்கப் போய்விட்டான் என்று உண்மையைச் சொல்லலாம். நான் பகிடி விடுகிறேன் என்று சிரிப்பார்கள். உண்மை என்று தெரிந்தால் அதைவிடப் பெரிதாகச் சிரிப்பார்கள், நான் போன பிறகு. இந்தத் தெருவில் என்னைப் பார்த்து ஒருவரும் சிரித்ததில்லை.

"அவனுக்கு அரசாங்க வேலை கிடைச்சிருக்கு" என்றேன். "நிரந்தரம். ஒரு காடு முழுக்க அவன்ரை பொறுப்பு. கடையெல்லாம் அவனுக்கு இனிச் சின்னன்."

"அட! சொல்லவே இல்லையே அண்ணை. உங்கடை வளர்ப்பெல்லோ!"

"பின்னை?" என்றேன். "சோதினை பாஸ் பண்ணினவன்."

லட்டைக் கொடுத்தேன். என்னைத்தான் வாழ்த்தினார்கள். என் கையைத்தான் பிடித்துக் குலுக்கினார்கள். இப்போது இதை வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்துபோகும், தெரியட்டும். அவன் ஆடுதான் மேய்க்கிறான். இன்றுவரை நான் அங்கே திரும்பிப் போகவில்லை. மனைவி போய்விட்டு வந்தாள், நான் எறியாமல் கோட்டுப் பையில் வைத்திருந்த வெற்றிலைச் சருகைப் பற்றி அவனிடம் சொன்னாளாம். அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு பெண் பங்குப் பையோடு திரும்பி வந்தாள். பல வருட வாடிக்கை. பையைக் குற்றியில் வைத்து விரித்துக் காட்டினாள்.

"குறை நினையாதையுங்கோ அண்ணை. இதுக்குள்ளை ஈரல் இல்லை."

நான் போட்ட பங்கு. கிண்டிப் பார்த்தேன். இல்லைத்தான். காலையில் வாங்கிப் போனவர்களில் யாருக்கோ இரண்டு துண்டு போயிருக்கிறது. அவர்கள் திரும்பி வந்து சொல்லவில்லை.